விலாசம் இல்லாத வரவு

2025 தை மாதம். என் மாமனார் ஊரான நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் பார்த்துவிட்டு பஸ்ஸில் காரைக்குடி திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் பொங்கல் தூக்கு, கையில் போன். எங்கள் பங்காளிகள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 11 புள்ளி (நகரத்தார் வழக்கில் கல்யாணமான குடும்பம் ஒன்று ஒரு புள்ளி), சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிற கூட்டம் அது. “செட்டிநாட்டுக்காரர்களே, தலை நிமிருங்கள்! நமது செட்டிநாட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ இன்று அறிவித்துள்ளது. பெருமையோடு பகிருங்கள்.” கீழே கானாடுகாத்தான் அரண்மனையின் படம், நாலைந்து கைகூப்பல்.

எனக்குத் தொண்டையே அடைத்துவிட்டது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊர்க்காரன் நான். தூண் போய், கதவு போய், கடைசியில் நிலைவாசலும் லாரி ஏறுவதைப் பார்த்தவன். பஸ் காரைக்குடி வருவதற்குள் ஏழு குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை வழிபாட்டில் மைக் பிடித்துப் பள்ளிக்கே அறிவித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சமூக அறிவியல் வாத்தியார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெட்கம் முழுதாக இருக்கட்டும்.

இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாக்பீஸோடு வந்து நின்றாள். பொது அறிவுப் பலகை எழுதுவது அவள் பொறுப்பு. ‘பலகைக்காரி’ என்றால்தான் பள்ளியில் தெரியும்.

“சார், எந்தத் தேதின்னு போடட்டும்?”

“நேத்துன்னு போடு.”

“நேத்துன்னா செவ்வாய்க்கிழமையா சார்? எங்க அத்தைக்குப் போன வாரமே வந்துருச்சாமே.”

போனை எடுத்துப் பார்த்தேன். ‘இன்று’ என்று இருந்தது. எந்த இன்று? தேதி இல்லை. சொன்னவர் பெயர் இல்லை. எந்தக் கூட்டத்தில், எந்த ஊரில் அறிவித்தார்கள் என்று ஒரு வரி இல்லை. மேலே இரட்டை அம்புக்குறி மட்டும் இருந்தது. பல கை மாறி வந்த செய்தி என்று வாட்ஸப்பே போட்டுக் காட்டுகிற அடையாளம் அது. ஏழு குழுக்களுக்கு அனுப்பியபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலையே தேடித் திறந்தேன். இரண்டு நிமிஷ வேலை. தமிழ்நாட்டில் மாமல்லபுரம் 1984, தஞ்சைப் பெரிய கோயில் 1987, அதனோடு சேர்த்து கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004, நீலகிரி மலை ரயில் 2005, மேற்குத் தொடர்ச்சி மலை 2012. செட்டிநாடு இல்லை. பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் இருந்தது, உத்தேசப் பட்டியல். அதில் இருந்தோம்! ‘செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்’ என்ற பொருளில் ஒரு தலைப்பு. சேர்த்த வருஷம் 2014.

உத்தேசப் பட்டியல் என்பது, பின்னால் முன்மொழியலாம் என்று ஒரு நாடு தானே எழுதிக் கொடுத்து வைப்பது. ஜாதகக் கட்டு மாதிரி. ஜாதகம் கட்டில் இருக்கிறது என்பதற்காகக் கல்யாணம் ஆகிவிட்டது என்று பத்திரிகை அடிக்க முடியுமா? நான் அடித்துவிட்டேன்.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இதில் படம் உண்மை, யுனெஸ்கோ உண்மை, பட்டியலில் பெயர் இருப்பதும் உண்மை. ‘உத்தேசம்’ என்கிற ஒரு வார்த்தை வழியில் எங்கேயோ உதிர்ந்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய சங்கதி ‘இன்று’ ஆகிவிட்டது. அதைவிட, அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைதான் என்னை ஏமாற்றியது. அனுப்பியவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவரும் என்னைப்போல் பஸ்ஸில் தொண்டை அடைத்தவராக இருப்பார்.

மறுநாள் வழிபாட்டில் திரும்ப மைக் பிடித்து, நேற்று சொன்னது தப்பு என்றேன். யாரும் கைதட்டவில்லை. சக ஆசிரியர் ஒருவர், “விடுங்க சார், நல்ல செய்திதானே, யாருக்கு என்ன நட்டம்” என்றார். பங்காளிகள் குழுவிலும் திருத்தம் போட்டேன். ஒருவரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அதே செய்தியை, அதே படத்தோடு, பெரியப்பச்சி (எங்கள் வழக்கில் பெரியப்பா) குழுவில் போட்டார்.

அன்று ராத்திரி எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், பேரேடு ஞாபகத்துக்கு வந்தது. ஐயா மலேயாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை வேலைக்குப் போய், மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். அவர் எழுதிய கணக்குப் புத்தகம் ஒன்று இன்னும் எங்கள் வீட்டுப் பட்டாலை அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு வரவுக்கும் தேதி, பெயர், விலாசம். விலாசம் என்றால் தெரு, கதவு எண் என்று நினைக்க வேண்டாம். இன்னாருடைய கடை என்று காட்டுகிற இனிஷியல் எழுத்துகளுக்கு எங்களவர்கள் வழக்கில் அதுதான் பெயர். விலாசம் இல்லாமல் அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. நான் ஏழு குழுக்களில் எழுதிய வரவுக்கு விலாசம் எங்கே?

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை ஒன்பதாம் வகுப்புக்கு வாங்கிக்கொண்டேன். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, பெயர் ‘வரவு நோட்டு’. வாரத்தில் போனிலோ டீக்கடையிலோ வீட்டிலோ கேட்ட ஒரு செய்தியை எழுத வேண்டும். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, எந்தத் தேதி, கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா, நீ எங்கே போய்ப் பார்த்தாய். முதல் வாரம் எல்லா நோட்டிலும் இரண்டாவது கட்டம் காலியாகவே வந்தது. கடைசிக் கட்டத்தில் ஒருவன் ‘போகவில்லை’ என்று எழுதியிருந்தான். நேர்மைக்காக அவனுக்கு ஒரு சரி போட்டேன்.

இதற்கெல்லாம் ‘ஊடக, தகவல் எழுத்தறிவு’ என்று ஒரு பெரிய பெயர் உண்டு என்று பிறகுதான் படித்தேன். ஆசிரியர்களுக்கென்றே 2011-ல் இதற்குப் பாடத்திட்டம் வெளியாகியிருக்கிறது. வெளியிட்டது யார் என்கிறீர்கள்? அதே யுனெஸ்கோ.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போகவில்லை. தெருவில் நின்றபடி முகப்பில் தெரிகிற ஜன்னல்களை மட்டும் எண்ணச் சொன்னேன். இரண்டு குழு. எண்ணி முடித்தபோது ஒரு குழுவின் கணக்கு மற்றதில் பாதிகூட இல்லை. சண்டை. கடைசியில் பார்த்தால் ஒரு குழு ஒவ்வொரு ஜன்னல் கதவையும் தனியாக எண்ணியிருக்கிறது, கதவுக்கு மேலே இருக்கிற காற்றுத் துவாரம் உட்பட. இன்னொரு குழு சட்டத்தை மட்டும். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. “அப்ப ‘ஜன்னல்’னா என்ன சார்?” என்று ஒருவன் கேட்டான். ஒரு செய்தியில் எண் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், எதை எண்ணினார்கள் என்பது. நான் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, வெயில் கொடுத்தது. ஆயிரம் என்பது நம் வாயில் ‘எக்கச்சக்கம்’ என்பதற்கும் பெயர்தானே. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண் என்றதும், தன்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு பையன் முகம் போயிற்று பாருங்கள்.

இன்னொரு வாரம் கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சுவரொட்டி என்று வீட்டில் கிடந்ததைக் கொண்டுவரச் சொன்னேன். அடிமூலையில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? அச்சகத்தின் பெயர், ஊர். அச்சடித்தது எதுவானாலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் அதில் இருக்க வேண்டும் என்று 1867-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். தன்னைப் பற்றி யார் எழுதுகிறான் என்று கண்காணிக்கத்தான் போட்டான், நமக்கு நல்லது செய்ய அல்ல. ஆனாலும் இன்றைக்கு அந்த மூலைதான் நமக்கு விலாசம். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதுகிறவர். புத்தகங்களோடு இப்படிப்பட்ட நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூட வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, 1994-ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானது. குப்பை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதில்தான் இன்று ஆராய்ச்சிக்காரர்கள் தேதி பார்க்கிறார்கள். வாட்ஸப் செய்திக்கு அந்த அடிமூலையே கிடையாது.

கஷ்டமான வெள்ளிக்கிழமை ஒன்றும் வந்தது. நோட்டில் மூன்று பேர் ஒரே செய்தியை எழுதியிருந்தார்கள்: பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள், வீடியோ இருக்கிறது. அன்று நான் சிரிக்கவில்லை. 2018 மே மாதம் இதே செய்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போன ஒரு வயதான அம்மா, வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அதற்காக அடித்தே கொன்றார்கள். நம் ஊரில் மாசி மாதம் குலதெய்வம் கும்பிட வெளியூரிலிருந்து எத்தனை கார் வருகிறது? எந்தப் பாட்டி மிட்டாய் கொடுக்காமல் போகிறார்? வகுப்பு அப்படியே அமுங்கிவிட்டது.

அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்குவதுபோல் இருக்கும். அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். கடைசியில் பைக்கில் வந்தவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த வருஷம் ஜூலையில்தான், வந்த செய்தியை இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தப்போவதாக வாட்ஸப் அறிவித்தது.

வீடியோவை ஒரு இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போடச் சொல்லிக்கொடுத்தேன். அதே படம் முன்னால் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். எல்லாவற்றிலும் பழைய தேதி எது என்று பார். ஏஐ வரைந்த புதுப் படத்துக்கு முந்தைய தடயம் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், அங்கே இந்த வித்தை பலிக்காது. விரலை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற காலமும் போய்விட்டது.

அப்போதும் மிஞ்சுவது விசாரணைதான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் செய்தி சரிபார்க்கிற தொழில்காரர்களையும் உட்காரவைத்து, ஒரு இணையப் பக்கத்தை நம்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். 2017-ல் வந்த ஆய்வு. பேராசிரியர்களில்கூடப் பலர் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் படித்து, அழகான முகப்பிலும் முத்திரையிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே வெளியே போய், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மறுபடியும் கல்யாணக் கதைதான் கைகொடுத்தது. மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டு வளவில் உட்கார்ந்தா விசாரிப்போம்? அங்கே காபி கொடுப்பார்கள், பலகாரம் கொடுப்பார்கள். எதிர்த்த வீட்டில் கேட்போம், அவன் வேலை பார்க்கிற இடத்தில் கேட்போம். “எங்க அக்காவுக்கு அப்படித்தான் சார் ஒண்ணு தட்டிப்போச்சு” என்றது பின் பெஞ்சு.

இந்த வகுப்பால் ஒரு கெடுதலும் நடந்தது. ஜூலையில், பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு, செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் என்று ஒரு செய்தி வந்தது. வகுப்பே “பொய் சார்!” என்று கூவியது. யாரும் தேடவில்லை. யுனெஸ்கோ என்றாலே பொய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை சூடுபட்டவன் இல்லையா.

பலகைக்காரி மட்டும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “பாத்துட்டு எழுதறேன் சார்” என்று என் போனைக் கேட்டாள். உண்மை. 2025 ஜூலை 11, பாரிஸ் கூட்டம். மராத்தியர் காலக் கோட்டைகள் 12 ஒரே தொகுப்பாகச் சேர்ந்திருந்தன. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. தேதியோடு பலகையில் எழுதினாள். நம்புவதற்கு எத்தனை சோம்பேறித்தனம் வேண்டுமோ அதே அளவு நம்பாமல் இருப்பதற்கும் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

செஞ்சி செய்தியை நானே பங்காளிகள் குழுவில் போட்டேன், எங்கே பார்த்தேன் என்ற விவரத்தோடு. ராத்திரி பதினோரு மணிக்குப் பெரியப்பச்சியிடமிருந்து குரல் பதிவு வந்தது. “ஏந்தம்பி, இது உத்தேசமா, நெசமா?”

நிஜம் என்றேன். மறுநாளிலிருந்து தினம் நாலைந்து எனக்கென்று தனியாக வருகிறது, “பாத்துச் சொல்லுப்பா” என்ற வரியோடு. நேற்று வந்தது கருஞ்சீரகத்தைப் பற்றி. இன்னும் பார்க்கவில்லை.