24-27 ஸ்பேனரும் அதன் மேலிருந்த பெயரும்

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலுள்ள ஓர் ஆலையில் 1991-ஆம் ஆண்டு பயிற்சி ஃபிட்டராகச் சேர்ந்தேன். எட்டிமடையில் ரயிலேறி, வாளையார்க் காட்டைக் கடந்து, கேரளத்தில் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் பகுதியில் அன்றும் இன்றும் பலர் உண்டு. பதினேழு ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்துவிட்டு, 2008 முதல் அதே ஆலையின் கருவி ஸ்டோரைப் பார்த்துவருகிறேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய எண் பொறித்த பித்தளை டோக்கன்கள் உண்டு. ஒரு கருவியை எடுத்தால் அதன் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கும், கருவி திரும்பி வந்ததும் டோக்கன் அவரிடம் போய்விடும். கருவிகளைப் பிடித்து வேலை செய்தும், பின்னர் அவற்றை எடுத்துக்கொடுத்தும் கழிந்த இந்த ஆண்டுகளில், ஒரு பெயர் எப்படி நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது, உற்பத்தி வேறு நாட்டுக்குப் போகும்போது அந்த நம்பிக்கை எந்த இடத்தில் கசியத் தொடங்குகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நான் சேர்ந்தபோது ஸ்டோரில் ஒரு மேற்கத்திய நிறுவனத்தின் பெயர் பொறித்த ஸ்பேனர் செட் ஒன்று இருந்தது. ஆலை தொடங்கிய காலத்தில் இயந்திரங்களோடு கப்பலில் வந்தது என்பார்கள். அதில் இருபுறமும் வாய் திறந்த 24-27 ஸ்பேனர்தான், ஒரு முனை 24 மில்லிமீட்டர் நட்டுக்கும் மறுமுனை 27 மில்லிமீட்டர் நட்டுக்கும் பொருந்துவது, எங்களுக்கு ஓயாமல் தேவைப்பட்டது. கை பிடிக்கும் இடத்தில் முலாம் முழுவதும் தேய்ந்து, எஃகின் சாம்பல் நிறம் தெரியும். ஆனாலும் வாயின் இரண்டு தாடைகளும் நேராக நிற்கும்; நட்டில் செருகினால் சிறிதும் ஆட்டம் இராது. எனக்கு வேலை கற்றுத்தந்த மூத்த சேட்டன், தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர், துருவேறி இறுகிய நட்டுக்கு அதைத் தவிர வேறொன்றைத் தொடவிடமாட்டார். "அதுன்னா உடம்பச் சாய்ச்சு வலிக்கலாம், மோனே. மத்தது எதுவானாலும் கையக் காத்துக்கிட்டு வலி" என்பார். அந்தப் பெயருக்கு எங்கள் பிரிவில் இருந்த மதிப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. விளம்பரத்தை யாரும் பார்த்ததில்லை. விலைகூட யாருக்கும் தெரியாது.

2009-இல், நான் ஸ்டோருக்கு வந்த மறு ஆண்டு, அதே பெயரில், அதே வரிசை எண்ணில் புதிய செட்டுகள் வாங்கினோம். பெட்டி முன்னைவிட அழகாக இருந்தது. கண்ணாடிபோல் மின்னிய முலாமில் முகம் பார்க்கலாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் மிகச் சிறிய எழுத்தில், வடிவமைத்த நாடு ஒன்றாகவும், உற்பத்தி செய்த நாடு வேறொன்றாகவும், இறக்குமதி செய்தவர் மும்பைக்காரராகவும் மூன்று விவரங்கள் இருந்தன. அவற்றை நான் படித்தேன். படித்ததற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. கருவியின் மேல் அச்சாகியிருந்தது அந்தப் பழைய பெயர்தானே என்ற எண்ணம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான்கு மாதங்களுக்குள் அது நடந்தது. வேலந்தாவளத்திலிருந்து வரும் ஃபிட்டர் ஒருவர், நீரேற்றும் பம்பில் குழாயை இணைக்கும் வளையமான ஃபிளாஞ்சைக் கழற்ற 24-27 கேட்டார். பழையது வேறொருவரிடம் இருந்ததால் புதியதை எடுத்துக் கொடுத்தேன். டோக்கனை வைத்துவிட்டு, "அதே கம்பெனிதானேங்க அண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அந்தப் பெயரை நம்பி உடம்பைச் சாய்த்து வலித்திருக்கிறார். நட்டு அசையவில்லை, ஸ்பேனரின் வாய் விரிந்து நழுவியது. விரல் முட்டிகள் ஃபிளாஞ்சின் விளிம்பில் போய் மோதின. இரண்டு விரல்களில் தையல் போட்டுப் பத்து நாள் வீட்டில் இருந்தார். அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன "ஆமாம்" இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ராக்வெல் கடினத்தன்மை பார்க்கும் இயந்திரம் உண்டு. பழைய ஸ்பேனரையும் புதியதையும் அங்கே கொண்டுபோய், முலாமைத் தேய்த்தெடுத்து, வாயருகே சிறிய தட்டையான இடம் உண்டாக்கி அளந்தோம். எண் கூடக்கூட எஃகு கடினம் என்று காட்டும் ராக்வெல் சி அளவில் பழையதன் இரு முனைகளும் 40-க்கு மேல், ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. புதியதன் 27 முனை 40-ஐ ஒட்டி இருந்தது. விரிந்த 24 முனையோ 30-ஐக்கூடத் தொடவில்லை. ஒரே ஸ்பேனரின் இரு முனைகளுக்குள் இவ்வளவு வேறுபாடு என்றால், எஃகு மட்டமானது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. நல்ல குரோம் வனேடியம் எஃகாகவே இருந்திருந்தாலும், சூளையில் அடுக்கிய முறையிலோ எண்ணெயில் தோய்த்த முறையிலோ யாரோ ஒருவர் கவனிக்காமல் விட்டிருக்கிறார். அதற்குப்பின் அதை அளந்து பார்க்க வேண்டியவரும் அளக்கவில்லை.

ஸ்பேனர் செய்யும் முறை பெரிய இரகசியம் அல்ல. செம்மையாகக் காய்ச்சிய கம்பியை அச்சில் வைத்துச் சம்மட்டி இயந்திரத்தால் அடித்து, பிசிறை வெட்டி, வாயை அளவுக்குக் கடைந்து, மீண்டும் சூடேற்றித் தோய்த்து, பின்பு இளஞ்சூட்டில் வைத்து அதன் நொறுங்கும் குணத்தைப் போக்கி, கடைசியில் மெருகேற்றி முலாம் பூசுகிறார்கள். இதில் கண்ணுக்குத் தெரிவது முலாம் ஒன்றுதான்; உயிர் இருப்பது சூட்டுப் பதத்தில். செலவைக் குறைக்க நினைப்பவர் கைவைப்பதற்கு வசதியான இடமும் அதுவே, ஏனென்றால் சூளையில் கால்மணி நேரம் குறைத்ததைக் கடையில் நிற்கிறவர் ஒருநாளும் காணமுடியாது. முலாம் பூசிய பிறகு, கடினமான எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்றச் சில மணி நேரம் மிதமான சூட்டில் வைத்திருக்க வேண்டும். அதையும் விட்டுவிட்டால், பார்க்க மின்னுகிற கருவி ஒருநாள் முன்னறிவிப்பின்றி வெடித்து உடையும்.

அளவுகளை எழுதி, விரிந்த ஸ்பேனரின் படத்தோடு இறக்குமதியாளருக்குக் கடிதம் அனுப்பினோம். மூன்று வாரங்களில் பதிலுக்குப் புதிய ஸ்பேனர் ஒன்று வந்தது. எந்தக் கொத்தில் வந்த சரக்கு, மற்றவை எப்படி இருக்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்த ஸ்பேனரையும் அளந்தோம், அதுவும் தேறவில்லை.

என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கொல்லர் லாரிப் பட்டையிலிருந்து வெட்டுக்கத்தி அடிப்பார். தோய்ச்சல் போடும்போது பேச்சுக் கொடுத்தால் கோபம் வரும். கத்தியின் நிறம் மாறுவதிலேயே கண் இருக்கும். வாய் மடங்கியது என்று யாராவது கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தால், அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் மறுபடி உலையில் வைப்பார். செய்தவர் காதில் குறை விழுவதற்கு ஒரு தெருவின் தூரம்தான் இருந்தது. எங்கள் ஸ்பேனரின் குறையோ ஸ்டோரிலிருந்து கொள்முதல் பிரிவுக்கும், அங்கிருந்து விற்பனையாளருக்கும், இறக்குமதியாளருக்கும், கடல் கடந்து பெயருக்கு உரியவருக்கும், அவரிடமிருந்து இன்னொரு நாட்டின் சூளைக்கும் போய்ச் சேர வேண்டியிருந்தது. வழியில் ஒவ்வொருவரும் ஒரு ஸ்பேனரை மாற்றிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைத்தால், சூளைக்காரருக்கு அந்தச் சேதி எட்டவே போவதில்லை.

ஓரிடத்துச் சரக்கை வேறோர் இடத்தின் பெயரில் விற்கும் வழக்கம் எங்கள் காலத்தில் தோன்றியதும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பெயரைத் தாங்கி விற்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு பெரிதாக எழுந்தது. வெளிநாட்டுச் சரக்கு தன் நாட்டுப் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்ற நிலையை 1887-இல் பிரிட்டன் இயற்றிய வணிகக் குறிச் சட்டம் உண்டாக்கியது. மட்டமான சரக்கை அடையாளம் காட்டுவதற்காக வந்த 'ஜெர்மனியில் செய்தது' என்ற அந்தச் சொல், ஜெர்மானியர் தங்கள் வேலையைத் திருத்திக்கொண்டதால், ஒரு தலைமுறைக்குள் பெருமைக்குரிய முத்திரையாகிவிட்டது. எனக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும்.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1864-இல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய நிக்கல்சன் அரங்களின் உற்பத்தி மெக்சிகோவுக்குப் போனபின், அந்தப் பெயரில் வளர்ந்த அமெரிக்கத் தச்சர்களே பழைய இருப்பைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். சியர்ஸ் நிறுவனம் 1927 முதல் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் கருவிகள், உடைந்தால் கேள்வியின்றி மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதியால் அந்நாட்டின் வீடுதோறும் புகுந்தவை. அவற்றில் பல ஆசியாவுக்குப் போயின. 2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் அந்தப் பெயரை விலைக்கு வாங்கி, உற்பத்தியைத் திரும்பக் கொண்டுவர டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் 9 கோடி டாலர் செலவில் ஓர் ஆலையை 2019-இல் அறிவித்தது. 2023-இல் அதை மூடுவதாகவும் அறிவித்துவிட்டது. தானியங்கி இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்று செய்திகள் வந்தன. வேலை வெளியே போகும்போது அதன் கைப்பக்குவமும் சேர்ந்து போய்விடுகிறது. பணத்தைக் கொட்டினாலும் அது கேட்டவுடன் திரும்பி வருவதில்லை.

இவற்றைப் பார்த்து, கடல் தாண்டிப் போனாலே கருவி கெட்டுவிடும் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. எங்கள் ஸ்டோரில் எல்லாரும் கேட்டு வாங்கும் கட்டிங் பிளேயர் நாசிக்கில் செய்யப்படும் டாபரியா; அந்த நிறுவனம் 1969-இல் ஒரு சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு உற்பத்தியைத் தொடங்கியது. சுவீடன்காரர் கண்ணில் நாசிக்கும் கடல் கடந்த ஊர்தான். ஜெர்மனியின் வேரா திருப்புளிகள் செக் நாட்டில் செய்யப்படுகின்றன. அதற்காக எந்த மெக்கானிக்கும் அவற்றை ஒதுக்கியதில்லை. தைவானின் தைச்சுங் வட்டாரத்தில் செய்த ராட்செட் ஒன்று எங்களிடம் பத்தாண்டுகளுக்கு மேலாக உழைக்கிறது.

இதை நான் முழுமையாக உணர்ந்தது 2013-இல், கொள்முதல் அதிகாரியோடு ஜலந்தருக்குப் போனபோது. கைக்கருவிகளுக்குப் பேர்போன ஊர் அது. 1983-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நிறுவப்பட்ட மத்திய கைக்கருவிகள் நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. நடுத்தர அளவிலான ஒரு பட்டறையில், ஒரே சம்மட்டி இயந்திரத்திலிருந்து இறங்கிய ஸ்பேனர்கள் இரண்டு இரும்புத் தொட்டிகளுக்குப் பிரிந்து போவதைக் கண்டோம். ஒரு தொட்டியின் பக்கத்தில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்து, வாய்களை அளவுகோலில் செருகிப் பார்த்து, கொத்துக்குச் சிலவற்றை ராக்வெல்லில் வைத்து, தாளில் குறித்துக்கொண்டிருந்தார், அவை ஐரோப்பாவுக்கு. மற்றத் தொட்டியின் அருகே யாருமில்லை. அந்தச் சரக்கு எங்கே போகிறது என்று கேட்டோம். மேற்பார்வையாளர் மறைக்காமல் இந்தியில் சொன்னார்: வாங்குகிறவர் கேட்கிற தரத்தில் செய்து தருகிறோம், கேட்காத சோதனைக்கு யார் காசு தருவார்கள்? அந்த இரண்டாம் தொட்டியிலும் ஒரு வெளிநாட்டுப் பெயரின் அச்சு விழுந்திருந்தது.

அன்று இரவு விடுதியில் எனக்கு உறக்கம் வரவில்லை. யாரோ ஒரு நாட்டின் மெக்கானிக், கை நழுவி முட்டியில் இரத்தம் கசிய, கருவியைத் திருப்பிப் பார்த்து 'இந்தியா' என்ற எழுத்தைப் படித்து முகம் சுளிப்பான் என்பது அதுவரை என் நினைப்பில் வந்ததே இல்லை. நிதி ஆயோக் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகக் கைக்கருவி வணிகத்தில் நம் நாட்டின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய பங்கில், கேட்பாரற்ற தொட்டியிலிருந்து போகும் ஒவ்வொரு ஸ்பேனரும் பக்கத்துத் தொட்டிக்காரரின் உழைப்பையும் சேர்த்துக் கெடுக்கிறது. சம்மட்டி ஒன்று, எஃகும் ஒன்று, ஆட்களும் அதே ஆட்கள்; வேறுபாடு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவரில் இருந்தது. அவரை உட்கார வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் தன் பெயரைக் கருவியில் பொறித்துக்கொள்பவர். ஆகவே வாய் விரிந்த எங்கள் ஸ்பேனருக்கு, அதைச் செய்த நாட்டை நான் குறை சொல்வதில்லை. பெயருக்கு உரியவரைத்தான் சொல்வேன். வரிசை எண்ணைக்கூட மாற்றாமல், பழைய கருவி சம்பாதித்த நம்பிக்கையைப் புதியதன் மேல் அப்படியே ஏற்றி அனுப்பியது அவர் செய்த தவறு. எண்ணை மாற்றியிருந்தால்கூட நான் ஒருமுறை அளந்து பார்த்திருப்பேன்.

பெயர் விழுவதும் உடனே நடக்கவில்லை. கொள்முதல் பிரிவு 2011 வரை அதே பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஆனால் தொழிலாளர்கள் சொல்லாமலே மாறியிருந்தார்கள்: பழைய செட்டின் ஆணிகளில் எப்போதும் டோக்கன் தொங்கும், புதிய செட்டின் ஆணிகளில் கருவிகளே தொங்கும். அலுவலகத்துக்குத் தெரிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அந்தப் பலகை சொல்லிவிட்டது.

இப்போது என் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் செய்த இடம், கொத்து எண், எங்கள் கடினத்தன்மை அளவு என மூன்று பத்திகள் கூடுதலாக உள்ளன. பத்து கருவி வந்தால் ஒன்றை அளக்காமல் பலகையில் மாட்டுவதில்லை. ஜலந்தரில் நாங்கள் பார்த்த பட்டறையிடமிருந்தே, அவர்களுடைய சொந்தப் பெயரில், சோதனைக்கு உரிய காசையும் சேர்த்துக் கொடுத்து ஸ்பேனர்கள் வாங்குகிறோம். ஒவ்வொரு கொத்தோடும் சூளையின் வெப்பப் பதிவும் வருகிறது. சென்ற ஆண்டு அதிலும் ஒரு 24-27 தேறவில்லை. தொலைபேசியில் சொன்னபோது அந்த மேற்பார்வையாளர் வருத்தம் தெரிவிக்கவோ மாற்றித் தருவதாகச் சொல்லவோ தொடங்கவில்லை. முதலில் கொத்து எண்ணைக் கேட்டார். நான் படித்துச் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு, அந்தக் கொத்தில் எங்களிடம் மீதமுள்ள எதையும் பலகையில் மாட்ட வேண்டாம் என்றார்.