ஜூன் மாதக் குறிப்புகள், மெல்பர்ன்

2024 ஜூன் 2, ஞாயிறு

லீவு நாள் என்றாலும் லேபில் செல்களுக்கு மீடியா, அதாவது ஊட்டத் திரவம், மாற்றியாக வேண்டும். எந்தச் செல்லாகவும் வளர்க்கக்கூடிய இந்த ஐபிஎஸ் செல்களைக் கவனிக்காமல் விட்டால் தம் இஷ்டத்துக்கு வேறு செல்லாக மாறத் தொடங்கிவிடும். இன்று செல் கூட்டங்களின் ஓரமெல்லாம் மழமழவென்று இருந்தது. நிம்மதி.

ஜூன் 4

அக்காவுக்கு இருப்பது லாங் கோவிட், கோவிட் போன பிறகும் மாதக்கணக்கில் விடாத களைப்பு, என்றுதான் நினைக்கிறேன். மறுபடியும் எக்கோ, தைராய்டு, ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர். எல்லாம் நார்மல்.

ஜூன் 5

ஆய்வுக்கு ரத்தம் தருகிறவர்களில் 31-ஆம் எண்காரர் வரவில்லை. போன தடவை ரத்தம் கொடுத்துவிட்டுப் போனதற்கே நாள்கணக்கில் படுக்கையாம். இதுதான் வயிற்றெரிச்சல். ரொம்ப முடியாதவர்களின் ரத்தம் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. ஓரளவு நடமாடுகிறவர்களை வைத்துத்தான் லாங் கோவிடுக்கான ரத்தப் பரிசோதனையை உருவாக்குகிறோம். வீட்டுக்கே போய் எடுக்க ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

ஜூன் 8

யாரோடு ஒப்பிடுவது? தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்விதான்.

செய்முறை எளிது. நலமாக இருக்கும் ஒருவரின் ஐபிஎஸ் செல்லிலிருந்து ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை வளர்க்கிறோம். தங்க மின்முனை பதித்த பிளேட்டில் அவை ஒரே படலமாகப் பரவியதும் நோயாளியின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, ஊற்றி, இரவு முழுக்க மின்தடையை அளக்கிறோம். செல்கள் இறுக்கமாக ஒட்டி நின்றால் தடை அதிகம். நடுவே இடைவெளி விழுந்தால் இறங்கும். சரி, யாருடைய பிளாஸ்மாவோடு ஒப்பிட்டு இறங்கியது என்பது? கோவிடே வராதவர் என்று இன்று யாரைக் காட்ட முடியும்? அறிகுறியே இல்லாமல் வந்து போயிருக்கும். தொற்று வந்ததைக் காட்டும் நியூக்ளியோகாப்சிட் ஆன்டிபாடி பலருக்கு மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. அது இல்லை என்பதால் தொற்று வரவில்லை என்று ஆகாது. 2019-க்கு முன் உறைய வைத்த பிளாஸ்மா இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் ஃப்ரீசரில் கிடந்ததும் போன வாரம் எடுத்ததும் ஒன்றாகுமா? பிளாஸ்மாவின் பழசு புதுசையே நோய் என்று எழுதிவிடுவோம்.

கோவிட் வந்து முழுசாகத் தேறியவர்கள் வேண்டும். வேறு நோயால் இதே களைப்பில் கிடப்பவர்களும் வேண்டும். டாக்டர் முன்னால் வந்து உட்காருகிறவர் ஏற்கெனவே முடியாதவர்தானே. அது எதனால் என்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறையே "வேறு நோயால் விளக்க முடியாத" அறிகுறிகள் என்கிறது. மற்றதையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கழித்துக் கழித்தே அக்காவுக்கு இரண்டு வருடம் போய்விட்டது.

ஜூன் 9

தூங்கவில்லை. மீடியா மாற்றினேன்.

ஜூன் 11

நோயெதிர்ப்பு ஆய்வாளர் அகிகோ இவாசாகி குழுவின் 2023 கட்டுரையை மறுபடியும் படித்தேன். லாங் கோவிட் உள்ளவர்களிடம் கார்டிசோல் என்ற ஹார்மோன் குறைவாக இருந்தது. அக்காவுக்கும் பார்க்கச் சொல்லியிருந்தேன். இன்று ரிசல்ட் வந்தது. நார்மல்.

ஜூன் 13

இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டேன், மதுரையில் ஐந்தரை. "மொட்டை மாடியில துணி காயப்போட்டேன்டா, அவ்வளவுதான். ரெண்டு நாளா எந்திரிக்க முடியல." தினமும் வாக்கிங் போகச் சொல்லியிருக்கிறார்களாம், தெம்பு வருமாம். போகாதே, உடம்பு கேட்கிற இடத்தில் நிறுத்திவிடு என்று கெஞ்சினேன். "ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மாமாவே நம்ப மாட்டேங்கிறாரு" என்றாள். அப்புறம், "உன் செல்லு என்னடா சொல்லுது?"

என்ன சொல்ல.

ஜூன் 15

பிளேட்டின் எச்4 குழியில் மின்தடை இறங்கியிருக்கிறது. நள்ளிரவுக்கு மேல் சரசரவென்று.

குழாய்களில் இருப்பது மாற்று எண்கள். எது யாருடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனாலும் 31-ஆக இருக்குமோ என்றுதான் மனசு ஓடுகிறது. எச் ஓர வரிசை. ஓரக் குழிகளில் மீடியா சீக்கிரம் ஆவியாகும், அதனாலேயே அளவு மாறலாம். அதே பிளாஸ்மாவை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

பிளேட் ஓடுகிறது. அக்காவுக்குப் போன் செய்யவில்லை.

ஜூன் 17

நடுக்குழியிலும் இறங்கியது. மூன்று குழியிலும்.

இது இந்த ஒருவரின் செல்லுக்கு மட்டும் உள்ள கோளாறாக இருக்கலாம். இன்னொருவரின் செல்லிலும் இறங்க வேண்டும். அவை உட்சுவர்ச் செல்லாகி வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, அக்காவிடம் கூட. செல்கள் ஒட்டி வளரத் தட்டில் பூசும் மேட்ரிஜெல்லை உருகுவதற்கு ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று, நாளை பூச வேண்டும்.