கெத்தாலிக்கு வந்த மறுப்புக் கடிதம்

2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயல், இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவின் மேலேயே ஏறிப் போனது. ஊதா எச்சரிக்கை கொடுத்து ஊரையே வீட்டுக்குள் அடைத்திருந்தார்கள். காற்று ஓய்ந்து கதவைத் திறந்தால், எங்கள் கூரைத் தகடுகளில் மூன்று, பக்கத்து வீட்டு மாமரத்தில் தொங்கின. கூரை விளிம்பில் ஓடும் பூவேலைத் தகரம் பாதிக்கு மேல் பிய்ந்து தெருவில் கிடந்தது. அதை இங்கே லாம்ப்ரகேன் என்பார்கள்.

சேன் தெனி நகரில் இருக்கும் அந்த வீடு என் மாமனாருடையது. மரச்சுவர், தகரக் கூரை, முன்னால் வராங் எனும் தாழ்வாரம். தோட்டத்து மதில் மூலையில் ஒரு கெத்தாலி. தெருவைப் பார்த்தபடி உயர்த்திக் கட்டிய சின்ன மண்டபம் அது. வீட்டுக்குள் இருந்தபடியே போகிறவர் வருகிறவரைப் பார்க்கலாம், கூப்பிட்டுப் பேசலாம். நான் புதுச்சேரியில் திண்ணை வைத்த வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த அன்றே அதில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அப்படிப்பட்ட நானே புயலுக்குப் பிறகு அதை எடுத்துவிடச் சம்மதித்தேன். கார் நிறுத்த இடம் வேண்டும், ஜன்னல்களுக்கு அலுமினியம் போட்டால் கறையான் தொல்லை இல்லை, லாம்ப்ரகேன் அலங்காரம்தானே, அது எதற்கு என்றார் என் கணவர். சரி என்று மார்ச் மாதம் மேரியில் மனு போட்டோம். நகராட்சிக்கு இங்கேயும், புதுச்சேரியில் சொல்வது போலவே, மேரி என்றுதான் பெயர்.

வெளித்தோற்றம் மாறுகிற வேலைக்கு தெக்லராசியோன் பிரெயாலாப் என்ற மனு. இடவரைபடம், முகப்பு வரைபடம், கிட்டத்தில் ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாகப் படங்கள், என்னென்ன பொருள் போடப்போகிறோம் என்ற விவரம் எல்லாம் வேண்டும். சாதாரணமாக ஒரு மாதத்தில் முடிவு சொல்வார்கள். எங்களுக்கு இரண்டு மாதம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் இருந்தால், அரசின் பாரம்பரியக் கட்டடக்கலைஞர் கருத்துச் சொல்ல வேண்டும். பேச்சில் ஆ.பே.எஃப். என்போம். ரூ த பரி தெருவில் அப்படிப்பட்ட பழைய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் அந்த வட்டத்துக்குள் வருகிறோம் என்பதே மனு போடும்போதுதான் தெரிந்தது. கெத்தாலியை இடிக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றும் அங்கேதான் சொன்னார்கள்.

முதலில் வந்தது குறை சொல்லும் கடிதம். தூரத்துப் படம் இல்லை, பொருள் விவரம் போதாது. மூன்று மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் மனு செல்லாது. கொடுத்தோம். ஜூலையில் மறுப்பு வந்தது.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வீடு, எங்கள் பணம், இவர்கள் யார் கேட்க? ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது புதுச்சேரி மேரி கட்டடம் நினைவுக்கு வந்தது. கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அந்தப் படத்தை இங்கிருந்து பார்த்து அழுதிருக்கிறேன். பிறகு அதே தோற்றத்தில் கட்டி 2021இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்த சுவர் அது இல்லை.

மறுநாளே ஆ.பே.எஃப். அலுவலகத்தில் நேரம் கேட்டேன். இதற்குக் காசு கிடையாது. மனு போடும் முன்பே போயிருந்தால் ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும், இதைப் படிக்கிறவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். அங்கிருந்த கட்டடக்கலைஞர் அம்மா பிய்ந்த லாம்ப்ரகேன் துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மழை பெய்தால் தண்ணீர் எங்கே விழும்?" என்று கேட்டார். ஒவ்வொரு பூவின் கீழும் தகரம் நாக்கு மாதிரி கூராக இறங்கும். கூரைத் தண்ணீர் அந்த நுனிகளுக்கு வந்து சொட்டாக வெளியே விழும், மரச்சுவரில் வழியாது. இத்தனை வருஷம் அதன் கீழே துணி காயப்போட்டிருக்கிறேன், எனக்கு இது தெரியாமல் போயிற்று.

அடுத்த சிக்கல் குடும்பத்துக்குள். மாமனாரும் மாமியாரும் 2011க்கு முன்பே போய்விட்டார்கள். பாகம் பிரிக்காத வீடு, ஆறு பிள்ளைகளுக்கும் சமபங்கு. ஒழுகும் கூரையைச் சரிசெய்வது போன்ற அவசர வேலையை ஒரு பங்காளி தனியாகவே செய்யலாம், செய்துவிட்டோம். மற்றப் பராமரிப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு சம்மதம், அதாவது நாலு பேர். லியோனில் இருக்கும் என் மூத்தார் விற்கலாம் என்றார். பிரான்சின் கடல்கடந்த பிரதேசங்களுக்காக 2018 டிசம்பரில் வந்த சட்டப்படி, இறந்து பத்து வருஷம் தாண்டிய சொத்தை, பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்து விற்க வழி உண்டு. அதற்கும் நாலு பேர். மூன்று பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். நடுவில் சின்ன நாத்தனார். "எனக்கு அந்த வீட்டில் என்ன இருக்கு?" என்றார்.

வாக்குவாதம் பண்ணவில்லை. செப்டம்பரில் பாரம்பரிய நாட்கள் வரும், ஊரே பழைய வீடுகளைப் பார்க்கக் கிளம்பும். அந்த இரண்டு நாளும் கெத்தாலியை மட்டும் திறந்து வைத்தோம். கோயில் சங்கத்தில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வாசலில் கோலம் போட்டார்கள். இந்தத் தெருவின் பழைய படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று எழுதி மாட்டினோம். கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் தொங்கவிட்டோம்.

எதிர்வீட்டுப் பாட்டி கொண்டுவந்த படத்தில் காவடி ஊர்வலம் போகிறது. மதிலோரம் என் மாமியார் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறார். மேலே கெத்தாலியில் நாலு வயசுப் பெண், ரெட்டைச் சடை, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். அது என் நாத்தனார். அவர் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

அன்றுதான் தோந்தோன் என்று தெருவே கூப்பிடும் பெரியவரும் வந்தார், தகரவேலை செய்து ஓய்ந்தவர். துருப்பிடித்த துண்டை அட்டையில் வைத்துக் கோடு இழுத்தார். நடுவில் நாலிதழ்ப் பூ, இருபுறமும் பிறைத் துளை, கீழே நாக்கு. "இதை வெட்ட என் கத்தரி போதும்" என்றார்.

அக்டோபரில் இரண்டாவது மனு: மர ஜன்னல், லாம்ப்ரகேன் பழைய வடிவில், கெத்தாலி இருந்த இடத்திலேயே. டிசம்பரில் அனுமதி வந்தது. 80 சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் உயரமும் உள்ள பலகையில் விவரம் எழுதித் தெருவில் தெரியும்படி வைக்க வேண்டும். அன்றிலிருந்து இரண்டு மாதம் யாரும் ஆட்சேபிக்கலாம். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பாரம்பரிய அறக்கட்டளையான ஃபோன்தாசியோன் து பத்திமுவானின் அங்கீகாரத்தை வேலை தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும், கூரைக்கு அது தப்பிப்போனது. அதில் எனக்கு இன்னும் வருத்தம்.

பலகை வைத்த கெடு முடிந்த கையோடு, 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் வடக்குக் கரையில் ஏறியது. தோந்தோன் வெட்டி முடித்த லாம்ப்ரகேன்கள் நல்லவேளை அவர் கொட்டகையில் இருந்தன. காற்று தணிந்து போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் முதல் அழைப்பு சின்ன நாத்தனாருடையது. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

"கெத்தாலி நிக்குதா?"

நின்றது. கைப்பிடி ஒன்றுதான் போயிருந்தது. ஏப்ரலில் லாம்ப்ரகேன் ஏற்றினோம், சின்ன நாத்தனார்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பக்கவாட்டு ஜன்னல் இரண்டு பாக்கி, கை கொஞ்சம் நிமிர்ந்ததும் செய்ய வேண்டும். மழை வந்தால் எல்லா நாக்கிலிருந்தும் ஒரே வரிசையாகச் சொட்டுகிறது. சுவர் காய்ந்தே இருக்கிறது.