வரைபடத்தில் இரண்டு மீட்டர்

எங்கள் தெருவைத் திருத்தியமைக்கும் வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, நடைபாதை அகலம் 2 மீட்டர் என்று அதில் போட்டிருந்தது. நிறைவோடு வீடு திரும்பினேன். சக்கர நாற்காலியில் செல்லும் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "விளக்குக் கம்பம் எங்கே நிற்கிறது?"

மறுநாள் மீண்டும் போய் உற்றுப் பார்த்தேன். கம்பம், மரக்குழி, மின்பெட்டி எல்லாமே அந்த 2 மீட்டருக்குள்ளேதான். அவற்றைக் கழித்தால் நடக்க மிஞ்சுவது 1.1 மீட்டர். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் வேண்டும். ஒன்று முழுதாகத் திரும்பவே 1.5 மீட்டர் வேண்டும். ஓரக்கல்லிலிருந்து சுவர் வரை அளப்பது நடைபாதையின் அகலம் ஆகாது, தடையில்லாமல் நடக்கக் கிடைப்பது மட்டுமே கணக்கு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த வேறுபாடு தெரியாமல் யாரும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்பேன்.

"தெரு பாதுகாப்பாக இல்லை" என்று எழுதிய முதல் மனுவுக்கு ஒரு வரிப் பதில் வந்தது. இரண்டாவது மனுவில் அளவுகளை மட்டுமே எழுதினேன். பொறியாளரே தெருவுக்கு வந்தார்.

அவரிடம் நான் அதிகம் பேசியது சிக்னலைப் பற்றி. சாலை 14 மீட்டர்; நடப்பவர்களுக்குப் பச்சை 12 விநாடி. விநாடிக்கு 1.2 மீட்டர் என்பது சிக்னல் கணக்கில் பரவலாக எடுத்துக்கொள்ளும் நடைவேகம். அது திடமான கால்களின் வேகம். மூன்று மாலைகள் கடிகாரத்தோடு நின்று பார்த்திருந்தேன். கைத்தடியோடு வந்த முதியவர்களுக்கு 17, 18 விநாடி ஆயிற்று. அதாவது விநாடிக்கு 0.8 மீட்டர். அவர்கள் சாலையில் இருக்கும்போதே விளக்கு மாறியது. அந்த முகங்களின் பதற்றம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பச்சையைக் கூட்டினால் குறுக்குச் சாலையில் வண்டிகள் தேங்கும் என்றார் அவர். நியாயம்தான். ஆனால் இரு பக்கமும் 2.2 மீட்டர் அகலத்துக்கு வண்டி நிறுத்தும் வரிசை இருந்தது. கடக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையை அதன் விளிம்புவரை நீட்டினால், கடக்க வேண்டியது 9.6 மீட்டர்தான். முதியவரின் நடையில் சரியாக 12 விநாடி! பொறியாளரும் தாளில் போட்டுப் பார்த்தார். "லாரி திரும்புமா?" என்று கேட்டார். சுண்ணாம்புக் கோடு இழுத்து, கூம்புகள் வைத்து, பெரிய லாரி ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்கள். திரும்பியது, முன்னைவிட மெதுவாக. நடப்பவர்களுக்கு அதுவும் நல்லதே.

கம்பங்களும் மரக்குழிகளும் வண்டி நிறுத்தும் வரிசைக்கு இடம் மாறின. வேலை முடிந்ததும், நடைபாதையில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தை அளந்தேன். ஓரக்கல் உயரம் 15 சென்டிமீட்டர். 1:12 சரிவுக்கு, அதாவது உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்கு, 1.8 மீட்டர் வேண்டும். கட்டியிருந்தது 1.2 மீட்டர். அக்காவால் தனியாக ஏற முடியவில்லை. அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்; இடித்துவிட்டு மீண்டும் கட்டினார்கள்.

மின்பெட்டியை மட்டும் நகர்த்தவில்லை. அந்த இடத்தில் இன்னும் 1.1 மீட்டர்தான்; எதிரே ஆள் வந்தால் அக்கா நின்று வழிவிடுகிறாள். அதற்காக மூன்றாவது மனுவைக் கொடுத்திருக்கிறேன்.