555 புத்தகமும் இரண்டு நேர்காணலும்

போன வாரம் யுபியு, அதாவது மலேசிய அரசுப் பல்கலைக்கழக இட முடிவு வந்தது. மருத்துவத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மா எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கக் கேசரி கொடுத்தார். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) புள்ளி, மூவெட் (ஆங்கிலத் தேர்வு), புறப்பாட மதிப்பெண் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நேர்காணலில் நான் கோட்டை விட்ட கதைதான் இது.

எங்களுக்குச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். பால்மரமெல்லாம் போய் இப்போது செம்பனை. பரீட்சை முடிந்ததும் ஒரு மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் தொண்டு வேலைக்குப் போனேன். காசநோய்க்காரர்களும், சில நாள் தொழுநோய்க்காரர்களும் வருகிற கிளினிக். நாற்காலி அடுக்குவேன், எண் சீட்டுக் கொடுப்பேன், மலாய் புரியாத பெரியவர்களுக்குத் தமிழில் சொல்வேன். அவ்வளவுதான் என் வேலை.

முதல் நேர்காணலில் இது போதாதென்று தோன்றியது. "தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டேன்" என்று அளந்துவிட்டேன். எதிரே இருந்த டாக்டர் நிதானமாக, "எதை வைத்துக் கழுவினாய்? யார் அனுமதி கொடுத்தது?" என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பல்கலைக்கழகம் அன்றைக்கே போச்சு.

இத்தனைக்கும் என்னிடம் ஒரு 555 புத்தகம் இருந்தது. கடையில் கடன் எழுதுவோமே, அதேதான். தினமும் பார்த்ததை இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது நேர்காணலுக்கு முதல் நாள் ராத்திரிதான் அதைத் திறந்தேன்.

ஒரு பக்கத்தில், "தாத்தா நாலு நாளாக வரவில்லை." காசநோய்க்காரர். தினமும் காலையில் மிஸ்ஸி (தாதி) கண்முன்னால் மாத்திரை விழுங்கிவிட்டுப் போகிறவர். ஐந்தாம் நாள் வந்து, மிஸ்ஸி மலாயில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். நான் தண்ணீர் கொடுக்கும்போது மெதுவாக, "பாப்பா, ஒன்னுக்கு ரத்தமா போவுது. இந்த மருந்து என்னைக் கொன்னுடும்" என்றார். அவர் விழுங்கும் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகத்தான் போகும். மிஸ்ஸியிடம் ஓடினேன். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா" என்று திட்டிவிட்டு விழுங்கினார்.

இன்னொரு பக்கத்தில், "அக்கா கையில் கொப்புளம். குண்டான் சுட்டதே தெரியவில்லையாம்." தொழுநோய் என்றால் விரல் அழுகி விழுகிற நோய் என்று நானும் நம்பியிருந்தேன். அப்படியில்லை. நரம்பு மரத்துப்போவதால் சூடும் காயமும் உறைக்காமல் கை கெடுகிறது. அந்த அக்காவுக்கோ அதைவிடப் பெரிய கவலை, குளோஃபாசிமின் என்ற தொழுநோய் மாத்திரையால் முகம் கறுத்துப்போனது. தங்கச்சி கல்யாணம் வேறு வருகிறதாம்.

இரண்டாவது நேர்காணலில் இந்த இரண்டையும்தான் சொன்னேன். நாற்காலி அடுக்கியதையும் சேர்த்து. "மாத்திரையை நடுவில் நிறுத்தினால் என்ன?" என்று கேட்டார்கள். கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் என்றேன். தொழுநோய்க்கு டாப்சோன் என்ற ஒரே மருந்து மட்டும் கொடுத்த காலத்தில், அதற்கு அடங்காத கிருமி இருப்பது 1964-இல் நம் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில்தான் முதலில் நிரூபணமானது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துக்கு மாறச் சொன்னது. இதையும் சொன்னேன். ஒரு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தொண்டு வேலைக்கும் நேர்காணலுக்கும் போகிறவர்களுக்கு:

- காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் இரண்டு. நான்கின் பெயரும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.
- தொழுநோய்க்கு 6 அல்லது 12 மாதம். எந்த வகைக்கு எத்தனை மாதம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.
- புத்தகத்தில் நோயாளி பெயர் எழுதாதீர்கள். தாத்தா, அக்கா போதும்.
- மழை பெய்தாலும் கிளினிக் ஜன்னலைச் சாத்தாதீர்கள், காசநோய்க் கிருமி காற்றில் பரவும். நான் சாத்தி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
- வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். என் அத்தை ஒரு மாதம் என் கையால் தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக் குடிக்கவில்லை.
- நேர்காணலுக்குக் குழுவாக உட்கார்ந்து பயிற்சி செய்யச் சொல்வார்கள். எனக்குக் கூச்சம், ஒத்துவரவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு 555-ஐச் சத்தமாகப் படித்தேன்.