அடியில் ‘லோட்ஸ் ஆஸ்திரியா’ என்று இருந்தது, அது லோட்ஸ் இல்லை

பிராகில் ஒரு பழம்பொருள் கடையில் அந்தப் பூச்சாடியை வாங்கினேன். கரும்பச்சைக் கண்ணாடி. தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல ஒரு மினுக்கு. உடம்பு முழுக்க வலை பின்னினாற்போல் கண்ணாடி இழைகள். அடியில் ‘லோட்ஸ் ஆஸ்திரியா’ என்று செதுக்கியிருந்தது. லோட்ஸ் என்றால் அன்று ஆஸ்திரியாவின் கீழ் இருந்த பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பேர்பெற்ற கண்ணாடிப் பட்டறை. அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

லோட்ஸ் பட்டறை தன் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே போட்டதில்லை. பெயர் இருப்பவை அநேகமாக ஏற்றுமதிக்குப் போனவை. 1900 பாரிஸ் கண்காட்சியில் உயரிய பரிசு வாங்கிய பட்டறை என்பதால், பெயரில்லாத ஜாடிகளில் பின்னாளில் யாராவது அந்தப் பெயரைக் கீறிவிடுகிறார்கள். இதெல்லாம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஓர் ஏல நிறுவனத்துக்குப் படம் அனுப்பினேன். கட்டணம் வாங்கிக்கொண்டு ‘லோட்ஸாக இருக்கலாம்’ என்று ஒரே வரி பதில். வயிறு எரிந்தது. சரி, நேரில் காட்டலாம் என்று ஜாடியைத் துணியில் சுற்றி, இரண்டு பஸ் மாறி ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனால், திங்கட்கிழமை, பூட்டு.

கடைசியில் கைகொடுத்தது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸ். நூறு வருஷம் மேசையில் உராய்ந்த அடிப்பாகத்தில் மெல்லிய கீறல்கள் இருக்கும். உண்மையான எழுத்தென்றால் அந்தக் கீறல்கள் எழுத்தின் மேலேயும் ஓடவேண்டும். என் ஜாடியில் எழுத்துதான் கீறல்களை வெட்டிக்கொண்டு போயிருந்தது, விளிம்பு இன்னும் கூராக!

அப்புறம் லோட்ஸின் உருவ வரைவுகள். எண் போட்டுக் காகிதத்தில் வெட்டிவைத்த வடிவங்கள் மிஞ்சியிருக்கின்றன, அச்சிலும் வந்திருக்கின்றன. பல இரவுகள் புரட்டியும் என் ஜாடியின் தோள் எதனோடும் ஒத்துப்போகவில்லை. அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இழையை வைத்தும் முடியாது, லோட்ஸும் இழை சுற்றியதுண்டு. ஆனால் இப்படி ஒழுங்கில்லாமல் வலை போல ஓடும் இழை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதே பொஹீமியாவில், டெப்லிட்ஸ் ஊர்ப் பக்கம் கோஸ்டனில் இருந்த பல்மே-கோனிக் கண்ணாடிப் பட்டறையை. அங்கே தேடியதும் அதே தோள், அதே கழுத்து, அதே இழையோட்டத்தோடு இன்னொரு ஜாடியின் படம் கிடைத்தது. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் உருவம், இழை, அடியின் தேய்மானம் எல்லாம் பார்த்துவிட்டு, எழுத்தைக் கடைசியில் பாருங்கள். லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.

படங்களோடு எழுதிய பிறகு கடைக்காரர் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஜாடியை நானே வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு சீட்டு போட்டிருக்கிறேன்: ‘பல்மே-கோனிக், கோஸ்டன். அடியில் உள்ள எழுத்து பிற்காலத்தது.’