மணி அடிக்கும், குரல் மட்டும் வராது

இணையத் தொலைபேசியில் மணி ஒழுங்காக அடித்து, எடுத்து ஹலோ சொன்னால் ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லையா? பெரும்பாலும் நேட் (NAT) பண்ணும் வேலைதான், அதாவது வீட்டுக்குள் இருக்கும் முகவரியை ரவுட்டர் வெளி முகவரியாக மாற்றும் முறை. ரவுட்டருக்குள் இருக்கும் போன், 'குரலை இங்கே அனுப்பு' என்று சிப் (SIP, அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறை) செய்திக்குள் 192.168.1.5 மாதிரி ஒரு முகவரியை எழுதி அனுப்புகிறது, அது வீட்டு வாசலைத் தாண்டினால் செல்லாக்காசு. அதனால் போன், வெளியே இருக்கும் ஸ்டன் (STUN) சர்வரிடம் 'வெளியிலிருந்து பார்த்தால் என் ஐபி என்ன, போர்ட் என்ன?' என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளும் (போர்ட் என்பது அந்த முகவரியில் எந்த வாசல் என்று சொல்லும் எண்). அப்புறம் இரு முனைகளும் கைவசமுள்ள முகவரிகளைப் பரிமாறி, ஜோடி ஜோடியாகச் சோதித்து, வேலை செய்வதைப் பிடித்துக்கொள்ளும், இதுதான் ஐஸ் (ICE) என்ற முறை. போகும் இடத்துக்கெல்லாம் வேறு வேறு போர்ட் ஒதுக்கும் சிமெட்ரிக் நேட் என்றால் இந்தப் பாச்சா பலிக்காமல் போகலாம், இடையில் நின்று குரலை வாங்கிக் கடத்தும் டர்ன் (TURN) சர்வர் வழியாகச் சுற்றித்தான் குரல் போகவேண்டும், தாமதமும் செலவும் கூடும். சரி, ரவுட்டரில் இருக்கும் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG, சிப் செய்தியில் உள்ள முகவரியை ரவுட்டரே மாற்றும் வசதி)? உதவுகிறேன் என்று செய்தியைத் திருத்திக் குட்டையைக் குழப்புவதுதான் அதிகம். நான் பார்த்தவுடன் அணைத்துவிடுவேன்.